நீதிபதி நியமனத்தில் அரசின் கை: தேதிகளை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

"இவரை நீதிபதியாக்க மாட்டோம்" என்று இந்தியாவில் அரசு எழுத்தில் சொல்வது அரிது. கோப்பு நகராமல் கிடக்கும், அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அதற்குள் அவரோடு பரிந்துரைக்கப்பட்டவர்கள் பதவியேற்று, பணிமூப்பில் முன்னே போய்விடுவார்கள். அதனால் நீதிபதித் தேர்வில் அரசியல் தலையீட்டைத் தேடுகிறவர்கள் அமைச்சர்களின் பேட்டிகளைத் துரத்துவதைவிட நாள்காட்டியைக் கையில் எடுப்பது நல்லது. ஒரு நியமனத்தைத் தொடக்கம் முதல் பதவியேற்பு வரை எப்படிப் பின்தொடர்வது, எந்த இடைவெளிக்கு என்ன பொருள், எங்கே ஏமாந்துபோவோம் என்பதைச் சட்டச் செய்தி எழுதுபவர்களுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்வதுதான் இந்தக் குறிப்பு. உயர் நீதிமன்ற நியமனமே இங்கே முதன்மை. கோப்பு அதிகக் கைகள் மாறுவது அதில்தான்.

கோப்பு போகும் பாதை

அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவு, உயர் நீதிமன்ற நீதிபதியைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. அதற்கு முன் இந்தியத் தலைமை நீதிபதி, ஆளுநர், அந்த உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோரைக் கலந்தாலோசிக்க வேண்டும். பெயர்களைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுதான் கொலிஜியம். அந்தச் சொல் அரசமைப்பில் எங்கும் இல்லை. 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது அது. 2014இல் நாடாளுமன்றம் 99ஆவது திருத்தத்தின் வழியாகத் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2015 அக்டோபர் 16 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதைச் செல்லாது என்றார்கள். நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். பழைய முறை திரும்பியது.

நியமனம் எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் ஆவணமான நடைமுறைக் குறிப்பாணையின்படி, காலியிடம் வருவதற்கு 6 மாதம் முன்பே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, தமக்கு அடுத்த மூத்த இரு நீதிபதிகளோடு கலந்து, பெயர்களை அனுப்ப வேண்டும். முதலமைச்சரும் ஆளுநரும் கருத்துச் சொல்ல 6 வாரம். பதில் வராவிட்டால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று சட்ட அமைச்சர் கொள்ளலாம். பிறகு உளவுத் துறை அறிக்கை சேரும். அதன்பின் கோப்பு இந்தியத் தலைமை நீதிபதிக்கும் அவருக்கு அடுத்த மூத்த இரு நீதிபதிகளுக்கும் போகும். அவர்களுக்கு 4 வாரம். அங்கிருந்து சட்ட அமைச்சர் 3 வாரத்துக்குள் பிரதமருக்கு அனுப்ப வேண்டும். பிரதமரிடம் போனபின் குறிப்பாணையில் காலவரம்பு கிடையாது. கதவு திறந்திருக்கும் இடம் இதுதான்.

உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது 2021 ஏப்ரல் 20 அன்று, பி.எல்.ஆர். புராஜெக்ட்ஸ் வழக்கில். உயர் நீதிமன்றப் பரிந்துரை வந்த நாளிலிருந்து 4 முதல் 6 வாரத்துக்குள் உளவுத் துறை அறிக்கை வர வேண்டும். அந்த அறிக்கையும் மாநிலத்தின் கருத்தும் கிடைத்தபின் 8 முதல் 12 வாரத்துக்குள் ஒன்றிய அரசு கோப்பை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கொலிஜியம் ஒருமனதாக அதே பெயரை மீண்டும் வலியுறுத்தினால் 3 முதல் 4 வாரத்துக்குள் நியமித்தாக வேண்டும். நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இந்த எண்கள்தான்.

பதிவேடு போடுதல்

ஒரு உயர் நீதிமன்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதையும் எடுத்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட நீதிபதி எண்ணிக்கை 75. அதுவே ஒருவருக்குப் போதுமான வேலை.

ஆளுக்கு ஒரு வரி. கட்டங்கள் இவை: பெயர், வழக்கறிஞரா, நீதித்துறைப் பணியிலிருந்து வருபவரா, உயர் நீதிமன்றக் கொலிஜியம் பரிந்துரைத்த தேதி, உச்ச நீதிமன்றக் கொலிஜியம் முடிவெடுத்த தேதி, திருப்பி அனுப்பப்பட்ட தேதி, மீண்டும் வலியுறுத்திய தேதி, நியமன அறிவிக்கை வந்த தேதி, பதவியேற்ற தேதி. கடைசியாக இன்னொரு கட்டம், பலரும் விட்டுவிடுவது: அதே நாளில் பரிந்துரைக்கப்பட்ட மற்றவர்களின் பெயர்கள். தனி ஒருவரின் தாமதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. கூட இருந்தவர்கள் எப்போது போனார்கள் என்று தெரிந்தால்தான் அந்தத் தாமதம் பேசும்.

தேதிகள் கிடைக்கும் இடங்கள்: உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரிலிருந்து கொலிஜியத் தீர்மானங்களைத் தன் இணையதளத்தில் போடுகிறது. விரிவான தீர்மானமாக இருந்தால், உயர் நீதிமன்றம் எந்தத் தேதியில் பரிந்துரைத்தது, முதலமைச்சரும் ஆளுநரும் ஒப்புக்கொண்டார்களா என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கும். எல்லாத் தீர்மானமும் அப்படி இருக்காது. சில காலம் காரணங்களோடு வரும், சில காலம் வெறும் பெயர்ப் பட்டியலாக வரும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு பட்டியலையும் வெளியிட்டது. 2022 நவம்பர் 9 முதல் 2025 மே 5 வரை ஒப்புதல் பெற்ற பெயர்கள், பரிந்துரைத் தேதி, அறிவிக்கைத் தேதி, சமூகப் பிரிவு, நீதிபதி எவருக்காவது உறவினரா என்பது வரை அதில் உண்டு. பதிவேட்டை அதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை மிச்சம்.

அறிவிக்கைத் தேதியை ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை இணையதளத்திலிருந்து எடுங்கள். சட்ட அமைச்சர் சமூக ஊடகத்தில் முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிடுவது இப்போது வழக்கம். அந்தப் பதிவின் நாளை அறிவிக்கை நாளாகக் குறித்துக்கொண்டால் கணக்கு தவறும். காலியிட எண்ணிக்கையும் அதே தளத்தில் மாதந்தோறும் கிடைக்கும்.

இடைவெளியை வாசித்தல்

தலையீடு பெரும்பாலும் நான்கு உருவங்களில் வருகிறது. முதலாவது, பிரித்தெடுத்தல். கொலிஜியம் ஒரே மூச்சில் அனுப்பிய பட்டியலிலிருந்து சிலரை மட்டும் நியமித்து, மற்றவர்களை நிறுத்திவைப்பது. 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு நான்கு பெயர்கள் போயின. மூவர் நியமிக்கப்பட்டார்கள், நான்காவது, மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியம். அவர் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அப்போதைய தலைமை நீதிபதி லோதா, தம்மைக் கேட்காமல் பெயரைப் பிரித்தது தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். பிரித்தெடுப்பது அதோடு நிற்கவில்லை.

சென்னையின் பதிவேட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2022 பிப்ரவரி 16 அன்று கொலிஜியம் 6 வழக்கறிஞர்களைப் பரிந்துரைத்தது. என். மாலா, எஸ். சௌந்தர் இருவரும் அடுத்த மாதமே நியமிக்கப்பட்டார்கள். அதே பட்டியலில் இருந்த ஆர். ஜான் சத்யனின் பெயர் நகரவில்லை. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார், நீட் தேர்வை ஒட்டிய ஒரு மாணவியின் மரணம் குறித்துப் பதிவிட்டார் என்பவை உளவுத் துறை அறிக்கையில் அவருக்கு எதிராக இருந்தவை. இவை ஒருவரின் நேர்மையையோ தகுதியையோ பாதிக்காது என்று சொல்லி, 2023 ஜனவரி 17 அன்று கொலிஜியம் அவர் பெயரை மீண்டும் வலியுறுத்தியது. இடையில் 335 நாள். அன்றே சென்னைக்குப் புதிதாக 8 பேரைப் பரிந்துரைத்த கொலிஜியம், அவர்களுக்கு முன்பாக சத்யனை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது. அந்த 8 பேரில் 5 பேருக்கு பிப்ரவரி 6 அன்று அறிவிக்கை வந்துவிட்டது. 20 நாள். சத்யனுக்கு வரவில்லை. மார்ச் 21 அன்று வெளியிட்ட அடுத்த தீர்மானத்தில், முன்பே பரிந்துரைத்த பெயர்களைப் பிடித்துவைப்பது மூப்பைக் குலைக்கிறது என்று கொலிஜியமே கவலை தெரிவிக்க வேண்டியதாயிற்று. 335, 20 என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். உரிச்சொல் எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, கிடப்பில் போடுதல். திருப்பியும் அனுப்பாமல், நியமிக்கவும் செய்யாமல் வைத்திருப்பது. ஒரிசா தலைமை நீதிபதியாக இருந்த எஸ். முரளிதரை, சென்னைத் தலைமை நீதிபதியாக்க 2022 செப்டம்பர் 28 அன்று கொலிஜியம் பரிந்துரைத்தது. அன்றே பரிந்துரைக்கப்பட்ட பங்கஜ் மித்தலின் மாற்றம் நிறைவேறியது, முரளிதருடையது நிறைவேறவில்லை. 203 நாள் கழித்து, 2023 ஏப்ரல் 19 அன்று, கொலிஜியம் தன் பரிந்துரையைத் தானே திரும்பப் பெற்றது. அந்த ஆகஸ்டில் அவர் ஓய்வு பெறவிருந்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. ஆளின் பிறந்த தேதியையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டியது இதற்காகத்தான். ஓய்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரியாமல் தாமதத்தின் எடையைக் கணிக்க முடியாது.

மூன்றாவது, திருப்பி அனுப்புதல். இதில் குறைந்தபட்சம் ஒரு கடிதமாவது இருக்கும், அந்த வகையில் இது நேர்மையான வழி. உத்தரகண்ட் தலைமை நீதிபதி கே.எம். ஜோசப்பின் பெயரும் மூத்த வழக்கறிஞர் இந்து மல்கோத்ராவின் பெயரும் உச்ச நீதிமன்றத்துக்காக 2018 ஜனவரி 10 அன்று ஒன்றாகப் போயின. ஏப்ரலில் மல்கோத்ரா நியமிக்கப்பட்டார், ஜோசப்பின் பெயர் திரும்பி வந்தது. அரசு சொன்ன காரணங்களில் மூப்பும் மாநிலப் பிரதிநிதித்துவமும் இருந்தன. 2016இல் உத்தரகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பதைப் பலரும் நினைவூட்டினார்கள். ஜூலையில் கொலிஜியம் மீண்டும் வலியுறுத்தியது. ஆகஸ்ட் 7 அன்று மூவர் பதவியேற்றார்கள்: இந்திரா பானர்ஜி, வினீத் சரண், ஜோசப், இந்த வரிசையில். ஜனவரியில் பரிந்துரைக்கப்பட்டவர் கடைசியில் நின்றார். ஒரே நாளில் பதவியேற்றாலும் வரிசை முக்கியம். பின்னாளில் அமர்வுக்கு யார் தலைமை, கொலிஜியத்தில் யார் உட்காருவது என்பதெல்லாம் அந்த வரிசையிலிருந்துதான் வருகிறது. ஆகவே பதவியேற்ற தேதியோடு வரிசை எண்ணையும் எழுதிவிடுங்கள்.

நான்காவது, இடம் மாற்றிக் கொடுத்தல். நீதிபதி அகில் குரேஷியை மத்தியப் பிரதேசத் தலைமை நீதிபதியாக்க 2019 மே 10 அன்று பரிந்துரை போனது. அரசு அசையவில்லை. செப்டம்பரில் கொலிஜியம் ஊரை மாற்றித் திரிபுரா என்றது; அது நடந்தது. பெரிய நீதிமன்றத்துக்குப் பதில் சிறிய நீதிமன்றம். இத்தகைய மாற்றங்களில் அரசின் பங்கு வழக்கமாக எழுத்தில் வராது. 2025 அக்டோபரில் அது வெளிப்படையாகவே பதிவானது: நீதிபதி அதுல் ஸ்ரீதரனைச் சத்தீஸ்கருக்கு மாற்றப் பரிந்துரைத்திருந்த கொலிஜியம், அரசு மறுபரிசீலனை கேட்டதன் பேரில் அலகாபாத்துக்கு மாற்றுவதாகத் தன் அறிக்கையிலேயே சொன்னது. "மறுபரிசீலனை" என்ற சொல் தீர்மானத்தில் எங்கே வந்தாலும் நிறுத்தி இரண்டு முறை படியுங்கள்.

மூத்தவரைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதியாக்கும் பழைய முறை இப்போது அதிகம் இல்லை. 1973 ஏப்ரலில், அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய கேசவானந்த பாரதி தீர்ப்புக்கு மறுநாள், மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். 1977இல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி பெய்க். அன்று தலையீடு பகிரங்கமாக நடந்தது. நாள்காட்டி பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஏமாந்துபோகும் இடங்கள்

எல்லாத் தாமதமும் தில்லியில் நடப்பதில்லை. காலியிடம் அதிகம் என்றதும் அரசைக் கைகாட்டுவது எளிது. ஆனால் பல காலியிடங்களுக்கு உயர் நீதிமன்றமே பெயர் அனுப்பியிருக்காது. 6 மாதம் முன்பே அனுப்ப வேண்டும் என்ற விதி பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. காலியிடக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்: பெயர் அனுப்பப்பட்டவை, அனுப்பப்படாதவை. இரண்டாவதற்கு அரசைக் குறை சொல்ல முடியாது.

நாடாளுமன்றப் பதில்களில் இந்தப் பிரிப்பு கிடைக்கும், ஆனால் ஒரு சொற்றொடரைக் கவனிக்க வேண்டும்: இத்தனை பரிந்துரைகள் "அரசுக்கும் கொலிஜியத்துக்கும் இடையே பல்வேறு கட்டங்களில்" உள்ளன என்பார்கள். யாரிடம் எத்தனை என்பது அதில் மறைந்துவிடும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேள்வி எழுப்பச் சொல்லும் வாய்ப்புக் கிடைத்தால், "எத்தனை நிலுவை" என்று கேட்கச் சொல்லாதீர்கள். "மீண்டும் வலியுறுத்தப்பட்டு 4 வாரம் தாண்டிய பெயர்கள் எத்தனை, எந்தெந்த நீதிமன்றம், எந்தத் தேதி முதல்" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி, அரசியல் பின்னணியையும் அரசியல் தலையீட்டையும் ஒன்றாகப் பார்ப்பது. வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அரசில் அமைச்சர். கே.எஸ். ஹெக்டே காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்துவிட்டு நீதிபதியானவர். 1973இல் தாண்டப்பட்ட மூவரில் அவரும் ஒருவர், தாண்டியதோ காங்கிரஸ் அரசு. கட்சி அட்டை ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மறுபுறம், வழக்கறிஞர் எல். விக்டோரியா கௌரியின் சென்னை உயர் நீதிமன்ற நியமனத்தை எதிர்த்து, அவருடைய கட்சித் தொடர்பையும் பேச்சுகளையும் காட்டிப் போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 7 அன்று, அவர் பதவியேற்ற அதே காலையில், தள்ளுபடி செய்தது. சட்டத் தகுதி இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கும். பொருத்தமானவரா என்பதைப் பார்க்காது என்பது அதன் நிலைப்பாடு. நியமனத்தை எதிர்த்து வழக்குப் போட நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 10 ஆண்டு வழக்கறிஞர் பணி இல்லை என்பது தகுதிக் கேள்வி. இன்னாருக்கு வேண்டியவர் என்பது பொருத்தக் கேள்வி. இரண்டாவதோடு போனால் வாசலிலேயே திரும்ப வேண்டிவரும்.

எதையும் அரசின் கணக்கில் எழுதுவதற்கு முன், அந்தப் பெயரைக் கொலிஜியமே ஒத்திவைத்ததா என்று பாருங்கள். வழக்கறிஞர் சௌரப் கிர்பாலின் பெயரை தில்லி உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் அனுப்பியது. உச்ச நீதிமன்றக் கொலிஜியம் பரிந்துரைத்ததோ 2021 நவம்பரில். அந்த 4 ஆண்டில் கொலிஜியம் பலமுறை முடிவைத் தள்ளிவைத்தது. 2023 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்திய பின்னான மௌனம்தான் முழுக்க அரசுக்குரியது.

தகவல் உரிமை மனு: காரணம் கேட்காதீர்கள்

2019 நவம்பர் 13 தீர்ப்பின்படி இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். ஆனால் 2022 டிசம்பரில், கொலிஜியக் கூட்டத்தில் பேசப்பட்டதை வெளியிட வேண்டியதில்லை, அனைவரும் கையெழுத்திட்ட இறுதித் தீர்மானம் மட்டுமே வெளியிட வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "ஏன் நியமிக்கவில்லை" என்று கேட்டால் 8ஆம் பிரிவைக் காட்டி இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். உளவுத் துறை அறிக்கையைக் கேட்பதும் வீண்.

தேதி கேளுங்கள். மனு ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், இணையத்திலும் போடலாம். கேள்வி இப்படி இருக்கட்டும்: "சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு உச்ச நீதிமன்றக் கொலிஜியம் இன்ன நாளில் செய்த பரிந்துரை தங்கள் துறைக்குக் கிடைத்த நாள்; அது பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட நாள்; திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அந்த நாள்." ஒரு மனுவில் ஒரு பரிந்துரைப் பட்டியல் போதும். பெயர் குறிப்பிட்டு ஒருவரைப் பற்றி மட்டும் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்பார்கள். பட்டியலாகக் கேட்டால் அந்தப் பதில் எளிதில் வராது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். ஆணையத்தில் எண் கிடைத்து விசாரணைக்கு வர நெடுநாளாகும், அதனால் முதல் மனுவையே பிசிறில்லாமல் எழுதுவது முக்கியம்.

எழுதும்போது

"கொலிஜியம் நியமித்தது" என்று எழுதாதீர்கள். அது பரிந்துரைக்கிறது, நியமிப்பவர் குடியரசுத் தலைவர். திருப்பி அனுப்பிய கடிதம் இருப்பது உறுதியானால் ஒழிய "அரசு நிராகரித்தது" என்பதும் தவறு. "இத்தனை நாளாக அறிவிக்கை வெளியாகவில்லை" என்பதே சரி. உளவுத் துறை சொன்னதாக ஒன்றை எழுத வேண்டுமென்றால் கொலிஜியத் தீர்மானத்தில் இருக்கும் வரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் கொலிஜியம் அந்த விவரங்களை வெளியிட்டதையே அப்போதைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு கடுமையாகக் கண்டித்தார். அப்படி வெளியிட்டதால்தான் சத்யன் விவகாரம் இவ்வளவு தெரிகிறது. இந்த நீதிபதி இன்ன ஆட்சிக்குக் கைம்மாறாக இப்படித் தீர்ப்பளித்தார் என்ற வகை வரி 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை உரசும். தேதிகளின் பட்டியலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பதவியேற்ற பிறகும் வரியை மூடக்கூடாது

உயர் நீதிமன்றங்களுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 224ஆம் பிரிவின் கீழ்க் கூடுதல் நீதிபதிகளாகவே வருகிறார்கள், அதிகபட்சம் 2 ஆண்டுக்கு. பிறகு நிரந்தரமாக்க வேண்டும், அல்லது நீட்டிக்க வேண்டும். அரசின் வழியாக மீண்டும் ஒருமுறை கோப்பு போகும் இடம் அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, 2014 ஜூலையில் கிளப்பிய குற்றச்சாட்டும் இந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்: அன்றைய ஒன்றியக் கூட்டணியில் இருந்த ஒரு தமிழ்நாட்டுக் கட்சியின் அழுத்தத்தால் ஒரு கூடுதல் நீதிபதிக்கு நீட்டிப்புத் தரப்பட்டது என்றார். பதவியேற்ற நாளோடு 2 ஆண்டைக் கூட்டி, அந்தத் தேதிக்கு 3 மாதம் முன்பே நினைவூட்டல் வைத்துவிடுங்கள். கூடவந்தவர்கள் எல்லாரும் நிரந்தரமாகி ஒருவர் மட்டும் ஓராண்டு நீட்டிப்போடு நின்றால், அவர் கையெழுத்திட்ட தீர்ப்புகளை எடுத்துப் படிக்கும் வேலை தொடங்குகிறது.

வரியின் இறுதியில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்து, அதற்கு "முடிவு" என்று தலைப்பிடுங்கள். நியமனம், திரும்பப் பெறப்பட்டது, ஒப்புதலை விலக்கிக்கொண்டார், ஓய்வு பெற்றார் என்று அதில் எழுதலாம். மும்பைக்குப் பரிந்துரைக்கப்பட்ட சோமசேகர் சுந்தரேசன் 2023 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தப்பட்டு, நவம்பரில் நியமிக்கப்பட்டார். கர்நாடகத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஆதித்ய சோந்தி, மீண்டும் வலியுறுத்தப்பட்ட பிறகும் ஆணை வராததால் 2022 பிப்ரவரியில் தம் ஒப்புதலை விலக்கிக்கொண்டார். அவர் வரியில் அரசின் தரப்பிலிருந்து மறுப்புத் தேதி எதுவும் இருக்காது. அந்தக் கட்டத்தை வெற்றாகவே விட்டுவையுங்கள், எதையும் ஊகித்து நிரப்ப வேண்டாம்.